கோடு நேராக இருந்தது

ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றத் தைரியமில்லாத ஒருவர்தான் அந்த ஊரில் ஆட்களை ஆகாயத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வீட்டில் பல்பு மாற்றுவது அவருடைய மனைவி. அவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. "நான் மேல நிக்கிறேன், பயப்படறது இவரு" என்று அந்த அம்மாள் மேலிருந்தபடியே சொல்வதுண்டு.

தொழிலில் அவர் சின்ன என்ஜின் மெக்கானிக். மரம் அறுக்கிற மெஷின், புல் வெட்டுகிற மெஷின், மருந்து தெளிக்கிற பம்பு என்று கையில் தூக்கக்கூடிய எதுவாக இருந்தாலும் அவரிடம் வரும். கார் வைத்திருப்பவர்கள் அவரை மெக்கானிக் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவரும் கார்களை என்ஜின் என்று ஒப்புக்கொண்டதில்லை. அவ்வளவு பெரிய இரும்புக்குள் ஒரு தப்பு ஒளிந்துகொள்ள இடம் நிறைய இருக்கிறது, சின்ன என்ஜினில் தப்புக்கு ஒதுங்க இடமே கிடையாது என்பது அவருடைய கட்சி. பிற்பாடு அந்தக் கட்சியை அவர் பேசுவதில்லை.

பறக்கிறவர்கள் அவரைத் தேடி வந்தது வேறு ஆள் கிடைக்காததால். ஊருக்கு வெளியே பெரிய ஏரி, அதன் கரையில் ஒரு வெட்டவெளி, அங்கே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு டஜன் பேர் முதுகில் என்ஜினையும் காற்றாடியையும் கட்டிக்கொண்டு, தலைக்குமேல் துணி இறக்கையை எழுப்பி, நாலு எட்டு ஓடி, அப்படியே மேலே போய்விடுவார்கள். எல்லாரும் மற்ற நாட்களில் மிகவும் கனமான மனிதர்கள்: ஒரு பேங்க் மேனேஜர், ஒரு பேக்கரிக்காரர், ஒரு பல் டாக்டர். அவர்களுடைய என்ஜினும் மரம் அறுக்கிற மெஷினின் என்ஜினும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்தான் என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார் நம் ஆள்.

எந்த என்ஜின் வாங்கலாம் என்று யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு அவர் வைக்கும் பரீட்சை பிரசித்தம். எல்லாரும் பெரிதாகத்தான் கேட்பார்கள். அவர் மூலையிலிருந்து இருபத்தைந்து கிலோ மணல் மூட்டையை எடுத்து முதுகில் கட்டி, தெருக்கோடி வரை பத்து தடவை போய்வரச் சொல்வார். மூன்றாவது நடையில் கேட்டவரின் ஆசை இருபது கிலோவுக்கு இறங்கும், ஏழாவதில் பதினாலுக்கு. "மேல போயிட்டா என்ஜினுக்கு எடையே கிடையாது சார். எடையெல்லாம் தரையிலதான்" என்பார். வாழ்க்கையில் தரையை விட்டு எழும்பாதவர் இதைச் சொல்வது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

பராமரிப்பில் அவர் பிடிவாதக்காரர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இருபத்தைந்து மில்லி எண்ணெய், ஒரு சொட்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பிளக்கைக் கழற்றி அதன் நுனி டீத்தூள் நிறத்தில் இருக்கிறதா என்று வெயிலில் திருப்பிப் பார்ப்பார். ஒரு மாதம் கிடப்பில் கிடந்த பெட்ரோலைக் கண்டால் ஊசிப்போன சாப்பாட்டைக் கண்டதுபோல முகத்தைச் சுளிப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, கோடு.

என்ஜினின் நடுக்கத்தில் போல்ட்டுகள் தளரும். அதனால் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகத்தின் மேல் வரை சிவப்பாக ஒரு கோடு இழுத்துவிடுவார். போல்ட் அசைந்தால் கோடு உடையும். பறக்கப்போகிறவர் ஸ்பேனர் எடுக்க வேண்டியதில்லை, கண்ணால் பார்த்தாலே போதும். கோடு இழுக்க அவர் கண்டுபிடித்த சாதனம் மனைவியின் நெயில் பாலிஷ். "பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுக்கற புருஷனைப் பாத்திருக்கேன், பொண்டாட்டிகிட்ட இருந்து எடுத்து என்ஜினுக்குப் பூசற புருஷனை இங்கதான் பாக்கறேன்" என்று அந்த அம்மாள் விரல்களை நீட்டி வந்தவர்களிடம் காட்டுவார். பறக்கிறவர்கள் மெக்கானிக்குக்கு 'கோடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கோடுகிட்ட விட்டிருக்கேன், கோடு என்ன சொல்றாரு என்று பேசிக்கொள்வார்கள்.

அவர்களில் பல் டாக்டர் ஒருவர்தான் என்ஜினைக் கொடுத்துவிட்டுப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர். கனத்த சரீரம், அதற்கேற்ற கனத்த என்ஜின். அந்த என்ஜினின் சத்தம் சற்று மூக்கால் பேசுவதுபோல இருக்கும், டாக்டரின் குரலும் அப்படித்தான். இருவரும் சிக்கனமாகப் பேசுவார்கள், பெரும்பாலும் பற்களைப் பற்றியும் பிளக்குகளைப் பற்றியும். இரண்டும் ஒன்றுதான் என்பது டாக்டரின் கருத்து. ஊரிலேயே அதிக ஜாக்கிரதைக்காரர் அவர்தான். ஒரே ஒரு விஷயத்தில் தவிர. மற்றவர்கள் வெட்டவெளியைச் சுற்றி வந்து இறங்கிவிடுவார்கள், அவர் ஏரிக்கு மேலே போவார். கேட்டால், தண்ணீருக்கு மேலேதான் காற்று கலையாமல் இருக்கிறது என்பார்.

அந்த சனிக்கிழமை டாக்டரின் என்ஜின் முழுதாகத் திறந்து மூடப்பட்டது. மேல்தலையில் நாலு போல்ட், புகைக்குழாய்க்கு இரண்டு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து உள்ளே அனுப்புகிற கார்புரேட்டருக்கு இரண்டு, ஆக எட்டு. நெயில் பாலிஷ் அடிமட்டத்துக்கு வந்து கெட்டிப்பட்டிருந்தது. தின்னர் நாலு சொட்டு விட்டு இளக்கினார், அது சீக்கிரம் மறுபடி இறுகிவிடும் என்று தெரியும். அதனால் பதினெட்டு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். எட்டு போல்ட்டையும் விரலால் திருகி உட்காரவைத்து, எட்டுக்கும் முதலில் கோடு இழுத்துவிட்டார். அப்புறம் ஒவ்வொன்றாக முறுக்கி, முறுக்கியதால் உடைந்த கோட்டின் மேல் மறுகோடு இழுத்துக்கொண்டு வந்தார். அவருடைய ஸ்பேனர் வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். எட்டு போல்ட், எட்டு டிக்.

நடுவில் டாக்டர் வந்தார், சொன்ன நேரத்துக்கு முன்னதாக. மெக்கானிக்கின் இடது கன்னம் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, வாயைத் திறங்க என்றார். இங்கேயேவா என்று கேட்டதற்கு, நீங்க என் என்ஜினை எங்க திறந்தீங்க என்று மடக்கினார். பாக்கெட்டிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அமுக்கி, ஐந்து நிமிஷம் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். கடைவாய்ப்பல், காப்பாற்ற முடியாது, வியாழக்கிழமை க்ளினிக்குக்கு வாங்க, வலிக்காமல் பிடுங்கிவிடுகிறேன் என்றார். பிறகு என்ஜினைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஏரியின் நடுவில், நல்ல உயரத்தில், என்ஜின் நின்றது. என்ஜின் நிற்பதால் யாரும் சாவதில்லை. இறக்கை தலைக்கு மேலேயே இருக்கிறது, காற்றில் சறுக்கி மெதுவாக இறங்கிவிடலாம். நின்ற இடத்தால்தான் சாவு. டாக்டர் கரைக்கு இருநூறு மீட்டர் முன்னால் தண்ணீரில் இறங்கினார், முதுகில் இருபத்தாறு கிலோவுடன். மேலே எடையே இல்லாதது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஏரியிலிருந்து எடுத்த என்ஜினைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். என்ஜினைத் திறக்கவில்லை. ஏரிக்கு மேலே பறந்தது விதிமீறல், அதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அறிக்கையில் ஒரு பாராவை அவர் மனமுவந்து எழுதினார்: எட்டு போல்ட்டுகளின் அடையாளக் கோடுகளும் நேராக, உடையாமல் உள்ளன, பராமரிப்பு மிகத் திருப்திகரம். நம் ஆளுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே சர்டிபிகேட் அதுதான். மனைவி அந்தப் பக்கத்தை லாமினேட் செய்து கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் படித்தார்கள். விபத்துக்குப் பிறகு தொழில் வளர்ந்தது.

அந்தப் பாராவைத் தினமும் படித்தவர் மெக்கானிக் ஒருவர்தான். கோடு நேராக இருந்தது என்றால், முறுக்கி மறுகோடு இழுத்திருந்தாலும் நேராகத்தான் இருக்கும். முறுக்கவே மறந்துபோயிருந்தாலும் நேராகத்தான் இருக்கும். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் கோட்டுக்கு அர்த்தம் கிடையாது, அது அவருக்கு மட்டும் தெரியும். எட்டு டிக் கேட்டது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டாக்டரின் டார்ச்சும் அமுக்கினால் 'டிக்' என்றுதான் சொல்லும்.

மூன்று வருஷம் போயிற்று. மத்தியானங்களில், தெரு அடங்கியிருக்கும்போது, மூக்கால் பேசும் அந்தச் சத்தம் கடைக்கு மேலே கேட்கும். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார். ஒன்றும் இருக்காது. பக்கத்து வீட்டு மிக்ஸி என்று மனைவி சொல்வார். மிக்ஸி ஓடி நின்ற பிறகும் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும், பிறகு சட்டென்று நிற்கும். அந்த நிற்கிறதுதான் தாங்க முடியாது. வீட்டில் அவர் கை பட்ட எந்த மூடியையும் யாராலும் திறக்க முடியாமல் போயிற்று. உப்பு டப்பா, மாத்திரை பாட்டில், தண்ணீர்க் குழாய் எல்லாம் அப்படி ஒரு இறுக்கம். "உப்பு வேணும்னா பக்கத்து வீட்ல கேக்கறேன், அதான் சுலபம்" என்றார் மனைவி, சிரித்துக்கொண்டேதான். கடைவாய்ப்பல் அங்கேயேதான் இருந்தது. வேறு டாக்டரிடம் போகச் சொன்னால், வியாழக்கிழமை போகிறேன் என்பார். எந்த வியாழக்கிழமை என்று சொல்லமாட்டார். வலது பக்கமாகவே மென்று சாப்பிடப் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் காலை கடை வாசலில் வண்டி நின்றது. டாக்டரின் மனைவி இறங்கினார். நிலம் அளக்கும் ஆபீசில் வரைபடம் வரைகிற வேலை, ஒல்லியான ஆள், சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. முன்பெல்லாம் மெக்கானிக்கை அண்ணா என்று கூப்பிட்டவர். டாக்டரின் என்ஜினை வைத்து இரண்டு பேர் பிடித்து இறக்கிய சாக்கை அவர் பிரிக்கச் சொன்னபோது பேச்சில் அந்த அண்ணா இல்லை.

"இதை ஓட வைக்க முடியுமா, இல்ல வேற வாங்கணுமா? அது மட்டும் சொல்லுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

ஒரு வருஷமாக வெளியூரில் போய்ப் பறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாராம். இதைக் கேட்டதும் மெக்கானிக் பிரித்த சாக்கை மறுபடி இழுத்து மூடினார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த என்ஜின், உள்ளே எல்லாம் துருவாகியிருக்கும், தூக்கிப் போடுவதுதான் வழி என்று அவசர அவசரமாகச் சொன்னார்.

"திறந்து பாக்காமலேயேவா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்காரும் அதே ஸ்டூல்.

வேறு வழியில்லாமல் திறந்தார். மேல்தலையின் நாலு போல்ட்டும் ஸ்பேனருக்கு முரண்டு பிடித்துத்தான் வந்தன. புகைக்குழாயும் அப்படியே. கார்புரேட்டர் பக்கம் அவர் கை போகவில்லை, கண்ணும் போகவில்லை. சிலிண்டரை உருவியதும் பிஸ்டன் தெரிந்தது. துருவுக்கு அடியில், சுற்றிலும் நகத்தால் பிறாண்டியதுபோல நீளநீளமாகக் காயங்கள். இது தண்ணீர் செய்த வேலை அல்ல.

இது என்ன என்று அந்த அம்மாள் கேட்டார். சூடு தாங்காமல் பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்றார் இவர். ஏன் சூடாகும் என்று கேட்டார். பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகப் போனால் ஆகும் என்றார். அதிகமான காற்று எங்கிருந்து வரும் என்று கேட்டார். ஆபீசில் அளவு கேட்டுக் குறித்துக்கொள்வதுபோலத்தான் கேட்டார், குரலில் எந்தக் குத்தலும் இல்லை. மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். அந்த அம்மாள் எழுந்து குனிந்து, விரலால் தொடாமல் காட்டினார்.

"எட்டு கோடு இருக்கு. ஏழு தடிமனா, ரெண்டு தடவை இழுத்த மாதிரி இருக்கு. இது மட்டும் ஏன் மெல்லிசா இருக்கு?"

கார்புரேட்டரின் இடது போல்ட், அது தளர்ந்தால் அந்த இடுக்கில்தான் காற்று புகும். ஸ்பேனரே தேவைப்படவில்லை, கோட்டைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருஷமாகக் கேட்ட கேள்விக்கு ஒரு தலைமுடி அகலத்தில் பதில்.

"பாலிஷ் தீந்துபோச்சு" என்றார்.

சொன்னது பொய் இல்லை. அன்றைக்குப் பாலிஷ் தீர்ந்துதான் போயிற்று. உண்மையை வைத்துச் செய்த பொய்யைப்போல உறுதியான சாமான் எந்தக் கடையிலும் கிடையாது. அந்த அம்மாளும் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டை, வந்ததிலிருந்து முதல் தடவையாக, நின்று படித்தார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும்.

மெக்கானிக் இரண்டு விரலை அந்த போல்ட்டின் தலையில் வைத்துத் திருப்பினார். காய்ந்த பாலிஷ் பொட்டென்று உடைந்தது. இத்தனை நாள் அந்த போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கோடுதான். உப்பு டப்பா மூடிகூட அந்த வீட்டில் அவ்வளவு சுலபமாகத் திறந்ததில்லை.

"இதை நான் முறுக்கல" என்றார்.

அந்த அம்மாள் திரும்பினார். போல்ட்டைப் பார்த்தார், அவருடைய விரலைப் பார்த்தார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"ஒரு போல்ட்டை முறுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு செகண்டு."

"அந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வாயைத் திறந்துட்டு உக்காந்திருந்தேன்மா. டாக்டர் பல்லு பாத்துட்டிருந்தார்."

அந்த அம்மாளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. "அவர் அப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். என்ஜினைத் திரும்ப எடுத்துப் போகவில்லை.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார்.  மறுநாள் மனைவி கடைக்கு வந்து, சர்டிபிகேட்டைத் தானே கழற்றி எடுத்துப் போனார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாக நின்றது. போகும்போது மேஜையில் ஒரு புது நெயில் பாலிஷ் பாட்டிலை வைத்தார். "இனிமே தீரக் கூடாது" என்றார்.

பறக்கிறவர்களிடமும் மெக்கானிக்கே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வெட்டவெளிக்குப் போய், எல்லாரும் கூடியிருக்கும்போது, மெல்லிய கோட்டைப் பற்றியும் டார்ச்சைப் பற்றியும் விவரமாகச் சொன்னார். யாரும் கோபப்படவில்லை. ஆளாளுக்கு அவர் தோளைத் தட்டினார்கள், ஆளாளுக்கு அடுத்த வாரம் என்ஜினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மாதம் மரம் அறுக்கிற மெஷின்களோடு காலம் தள்ளினார்.

அப்புறம் டாக்டரின் மனைவி மறுபடியும் வந்தார். எந்த என்ஜின் வாங்கலாம் என்று சொல்லுங்க என்றார், போன தடவை பாதியில் நின்ற பேச்சைத் தொடர்வதுபோல. இவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, வேறு ஆளைப் பாருங்கள் என்றார்.

"வேற ஆளுக்கு மறந்துடும்" என்றார் அந்த அம்மாள். "உங்களுக்கு மறக்காது."

மன்னிப்பா, தண்டனையா என்று கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. ஸ்டூலில் ஏறுகிற தைரியமே இல்லாதவர். மூலைக்குப் போய் மணல் மூட்டையை எடுத்து, அந்த ஒல்லி முதுகில் கட்டினார். தெருக்கோடி வரை பத்து தடவை போய்வந்த அந்த அம்மாள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேலும் ஐந்து தடவை போனார். இருபத்தைந்து கிலோவைத் தூக்கிவிடுவார் என்பது தெரிந்துபோயிற்று. இருந்தும் மெக்கானிக் இருப்பதிலேயே சின்னதை, பதிமூன்று கிலோ என்ஜினைத்தான் வாங்கச் சொன்னார். சக்தி குறைவுதான், மேலே ஏற நேரமாகும், ஆனால் அந்த உடம்புக்கு அது போதும், தண்ணீரில் விழுந்தாலும் கழற்றிப் போடலாம் என்று எண்ணினார். கடைசியாக எண்ணியதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்த ஒரு என்ஜினுக்காக வெட்டவெளிக்குப் போகிறார். மற்றவர்கள் வெளியூரில் பிடித்த புது மெக்கானிக்கிடம், கோடு போட்டாச்சா என்று கேட்கிறார்கள். பெயர் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. டாக்டரின் மனைவி கோட்டைப் பார்ப்பதே இல்லை. முதுகில் என்ஜினைக் கட்டிக்கொண்டு, இறக்கைக் கயிறுகளைக் கையில் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே கேட்பார்:

"முறுக்கினீங்களா?"

"முறுக்கினேன்."

ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி, இதே பதில். அண்ணா இல்லை. அப்புறம் நாலு எட்டு ஓட்டம், தூக்கல், சின்ன என்ஜினின் கீச்சுக்குரல் மெல்ல மெல்ல மேலே போகும். கீழே மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு காதால் பார்ப்பார்.

இறங்குவதற்கு முன்னால் எல்லாரும் என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார்கள், அது வழக்கம். தென்னை உயரத்துக்கு வந்த பிறகு நிறுத்துவார்கள், அரை நிமிஷத்தில் கால் தரையில் இருக்கும். டாக்டரின் மனைவி முந்நூறு மீட்டர் உயரத்திலேயே நிறுத்திவிடுகிறார். ஏரி ஓரமாக, ஆனால் ஏரிக்கு மேலே அல்ல. பெட்ரோலை மிச்சப்படுத்துகிறார் என்கிறார் பேங்க் மேனேஜர். நல்ல கைத்திறன் என்கிறார் பேக்கரிக்காரர். காற்று கலையாமல் இருப்பதைக் கேட்க அந்த அம்மாளுக்குப் பிடித்திருக்கலாம், அப்படியும் இருக்கலாம்.

சத்தம் சட்டென்று நிற்கும். அங்கிருந்து தரைக்கு வர நாலு நிமிஷம் ஆகும். கீழே ஒருவர் தரையில் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, இடது கன்னத்தைக் கையால் பிடித்தபடி, அந்த நாலு நிமிஷத்தையும் நாலு நாலு செகண்டாக எண்ணிக்கொண்டு நிற்பார்.